கல்லாற்றுச் சிலந்தியின் விலாசம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில், பாம்புகளும் தேள்களும் ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருந்த அலமாரியின் கீழ்த்தட்டில், உள்ளங்கை அகலமுள்ள சிலந்தி ஒன்றை இட்டு வைத்திருந்த கண்ணாடிப் புட்டியைக் கண்டேன். வெகுகாலம் திரவத்தில் கிடந்தமையால் அந்த ஜந்துவின் நிறம் முற்றும் வெளுத்திருந்தது. ஆயினும் உயிரோடு இருந்த நாளில் ஏதோ ஒரு பெருமரத்தின் பட்டையில் எத்தனை கம்பீரமாக அது ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிந்தது. புட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தவை ‘கல்லாறு, மரப்பொந்து’ என்ற இரண்டே சொற்கள். பிடித்தவர் யார், பிடித்த ஆண்டு எது, எந்தக் கல்லாறு என்பவற்றுள் ஒன்றும் அதில் இல்லை.

எந்தக் கல்லாறு என்பது வீண் கேள்வியன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைரயில் பல்சக்கரப் பாதையைப் பற்றிக்கொள்ளும் இடத்தில், பழப்பண்ணையால் பேர்பெற்ற ஒரு கல்லாறு இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் நெடுங்கண்டத்துக்கு அருகே ஒரு கல்லாறு இருக்கிறது. கடல் கடந்து மட்டக்களப்புக்குப் போனால் பெரியகல்லாறும் கோட்டைக்கல்லாறும் இருக்கின்றன. கல்லும் நீரும் சேர்ந்த இடங்களுக்கெல்லாம் நம்மவர் மனத்தில் இயல்பாகத் தோன்றிய பெயர் இது; கேட்பதற்கு இனிமையான பெயருங்கூட. ஆனால் சாஸ்திரத்துக்கு இனிமை போதாது. நான் இங்கே எழுதப் புகும் கல்லாறு, திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னே, மலையின் காலடியில் இருக்கும் கல்லாறு.

பெயருக்கு ஏற்ற ஊர் அது. கீழே போய் வாமனபுரம் ஆறாக வளரப்போகும் நீரோட்டம், யானைக்கன்றுகள் முதுகு காட்டிப் படுத்திருப்பதுபோல் உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு நடுவே, அடிமணல் தெரியும் தெளிவோடு ஓடுகிறது. மழை ஓய்ந்த மாதங்களில் காலை வேளையில் ஆற்றோரம் நின்று, வெயில் வரும் திசைக்கு எதிராக மேலே பார்த்தால், கரையோர மரங்களுக்கு இடையே ஆள் உயரத்துக்கும் மேலே விரிந்த வலைகள் பொன்னிழையாக ஒளிர்வதைக் காணலாம். வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கும் பெண் சிலந்தி கால்களை விரித்தால் மனிதர் கையளவு இருக்கும். அதே வலையின் ஓரத்தில் அஞ்சி அஞ்சி நகரும் ஆணோ ஒரு நெல்மணியைவிடச் சிறியது. இரண்டும் ஒரே இனம் என்பதை முதன்முறை பார்ப்பவர் எளிதில் நம்பமாட்டார். நெபிலா பிலிப்பெஸ் என்பது அந்த இனத்தின் சாஸ்திரப் பெயர்.

சிலந்தி நமக்குப் புதிய ஜந்துவன்று. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாதபடி வலைப்பந்தல் இட்ட சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது நம் புராணம். சீகாளத்தி என்ற பெயரில் யானைக்கும் பாம்புக்கும் முன்னால் நிற்பதும் சிலந்திதான். இத்தனை மரியாதை செய்த நாம், அதன் இனங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைக்க மறந்துவிட்டோம். நெல்லிலும் மாட்டிலும் மீனிலும் நூற்றுக்கணக்கான வகைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மக்கள், சுவரில் ஓடுவதையும் பூவில் பதுங்குவதையும் குதித்துப் பாய்வதையும் தண்ணீர்மேல் நடப்பதையும் எட்டுக்கால் பூச்சி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். அது பூச்சியும் அன்று. பூச்சிக்கு ஆறு கால்களும், பெரும்பாலும் சிறகுகளும் உண்டு. சிலந்தி தேளுக்கும் உண்ணிக்கும் உறவு. ஆகவே, இந்தியாவில் எத்தனை விதச் சிலந்திகள் வாழ்கின்றன என்று ஒரு குழந்தை கேட்டால், அதற்கு விடை சொல்லும் ஜாபிதாவை நாம் ஆதியிலிருந்தே எழுதத் தொடங்க வேண்டியிருந்தது.

அந்த எழுத்துவேலைக்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது. இந்திய நிலவியல் துறையில் பணிபுரிந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற மொராவிய நாட்டு அறிஞர், பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்த ஓய்வு நேரத்தில் இந்நாட்டுச் சிலந்திகளையும் தேள்களையும் பற்றி 1869-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1900-இல் லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் போகாக், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் என்னும் பெருந்தொடரில் தேள், சிலந்தி முதலிய எண்காலிகளுக்கு உரிய தொகுதியை எழுதி முடித்தார். அவருடைய மேசைக்குப் புட்டிகள் இந்தியாவின் நானாதிசைகளிலிருந்தும் வந்தன. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஹெரால்ட் ஃபெர்குசனும் திருவிதாங்கூரிலிருந்து அவருக்கு மாதிரிகளை அனுப்பியவர்களுள் ஒருவர். அவற்றுள் ஒரு தேளுக்கு ஃபெர்குசன் பெயரையே போகாக் சூட்டினார். பிற்பாடு, 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய ஃபிரெடரிக் கிரேவ்லி, அலுவல்களுக்கு இடையே ஓநாய்ச் சிலந்திகளையும் வேறு பல குடும்பங்களையும் ஆராய்ந்து எழுதினார். ஆயினும் இவையெல்லாம் தனித்தனி ஓடைகள். அவற்றை ஒரே ஏரியில் திருப்பிவிட்டவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பி. கே. டிக்காதர். 1987-இல் வெளிவந்த அவருடைய இந்தியச் சிலந்திகளின் கையேட்டில் 43 குடும்பங்களையும் 249 பேரினங்களையும் சேர்ந்த 1067 இனங்கள் பட்டியலிடப்பட்டன. நாடு முழுமைக்குமான முதல் விரிவான ஜாபிதா அதுவே.

அடுத்த பெரிய பட்டியல் நம் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். அங்குள்ள ஜூ அவுட்ரீச் நிறுவனத்தின் சஞ்சிகையில் மஞ்சு சிலிவால், சஞ்சய் மோலூர், பி. கே. பிஸ்வாஸ் ஆகிய மூவரும் 2005-இல் வெளியிட்ட திருத்திய பட்டியலில் இனங்களின் எண்ணிக்கை 1442 ஆயிற்று. 2012-இல் வந்த வேறொரு பட்டியல் 1686 என்றது. இன்று அந்த எண் இரண்டாயிரத்தை ஒட்டி நிற்கிறது. உலக முழுமைக்குமான சிலந்திப் பேரேட்டை நியூயார்க்கில் நார்மன் பிளாட்னிக் என்ற ஒரு மனிதர் தம் வாழ்நாள் உழைப்பாக உருவாக்கினார். 2014 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் அதைப் பேணி வருகிறது. 2022-இல் அதன் ஐம்பதாயிரமாவது இனம் பதிவாயிற்று.

எண்களைச் சொல்லிவிடுவது எளிது. ஜாபிதாவின் ஒரு வரி எப்படி அமைகிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் பின்னால் உள்ள பிரயாசை விளங்கும். நம் தோட்டத்து மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளைச் சிறிது நேரம் பொறுமையாகக் கவனியுங்கள். நூறு முசுறுகளுக்கு ஒன்று சற்றே தயங்கி நடக்கும். மற்றவை ஒன்றையொன்று தொட்டு விசாரித்துச் செல்லுகையில் அது மட்டும் ஒதுங்கிப் போகும். குனிந்து பார்த்தால் எறும்பின் உணர்கொம்புகள்போல் அது தூக்கிப் பிடித்திருப்பவை முன்னங்கால்கள் என்பதும், இடுப்பு ஒடுங்கிச் செம்பழுப்பு நிறம் பூண்டு எறும்பாகவே நடிக்கும் அது ஒரு குதிக்கும் சிலந்தி என்பதும் தெரியவரும். ஆணுக்கு முகத்தின் முன்னே நீண்ட தாடை உண்டு. அது ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கவ்விச் செல்லும் தோற்றத்தைத் தரும். விரலால் சீண்டினால், எறும்பு ஒருபோதும் செய்யாத காரியமாக, ஒரு நூலை விட்டுக் கீழே தொங்கும்.

இந்த வேஷதாரிக்கு ஜாபிதாவில் உள்ள வரி: மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டெஸ், அதன்பின் அடைப்புக்குறிக்குள் ஓ. பிக்கார்டு-கேம்பிரிட்ஜ், 1869. இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த த்வெய்ட்ஸ் சேகரித்து அனுப்பிய சிலந்திகளைக் கொண்டு, இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் பாதிரியாராக இருந்த பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் அந்த ஆண்டில் இதை முதன்முதல் விவரித்தார் என்பதே அந்தப் பெயரும் ஆண்டும் சொல்லும் செய்தி. அடைப்புக்குறி ஏன்? அவர் இதை வேறொரு பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் அதிலிருந்து மாற்றினர். மாற்றம் நேர்ந்தது என்பதற்கு அந்த இரண்டு வளைகோடுகளே சாட்சி. ஒரு வளைகோட்டைத் தவறவிட்டாலும் வரலாறு பிழைபட்டுவிடும். இதற்குமேல், எந்தெந்த நூல்கள் இதை எந்தெந்தப் பெயரால் குறித்தன, முதல் விவரணைக்கு ஆதாரமாயிருந்த மூலமாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இந்தியாவில் எங்கெங்கே கண்டவர்கள் யார், அவர்கள் கண்டது உண்மையில் இதுதானா என்பவற்றை எல்லாம் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும். அச்சில் ஓர் அங்குலம் பிடிக்கும் வரிக்கு ஒரு வாரம் உழைத்தவர்கள் உண்டு.

உண்மையில் இதுதானா என்ற கேள்வி சிலந்தி விஷயத்தில் மிகக் கடினமானது. நிறம் நம்பத்தக்கதன்று; ஒரே இனத்தில் பல நிறங்களும், பல இனங்களில் ஒரே நிறமும் வரும். ஆண் சிலந்தியின் முகத்தருகே இரண்டு சிறு கைகள் இருக்கின்றன. கடைசித் தோலை உரித்தபின் அவற்றின் நுனி குமிழாகப் பருத்து, சுருளும் கொக்கியுமாக அமைகிறது. பெண்ணின் வயிற்றடியில் அதற்கு ஈடான ஒரு தகடு உண்டு. இன்ன இனத்துப் பூட்டுக்கு இன்ன சாவி என்பதுபோல் இவ்விரண்டின் அமைப்பும் இனத்துக்கு இனம் மாறுபடுவதால், மைக்ராஸ்கோப்பின் கீழே இவற்றை வரைந்து ஒப்பிட்டாலன்றி எந்த நிபுணரும் உறுதியாகப் பெயர் சொல்லமாட்டார். குஞ்சுகளுக்கு இவை இல்லை. ஆதலால் காட்டில் அகப்படும் சிலந்திகளில் பெரும்பகுதி பெயரற்றே போகும். ஆண் மட்டும் கிடைத்த இனங்களும் பெண் மட்டும் கிடைத்த இனங்களும் பட்டியலில் ஏராளம். ஒருவர் பெண்ணுக்கு ஒரு பெயரும், இன்னொருவர் வேறோர் ஊரில் ஆணுக்கு வேறொரு பெயரும் சூட்டி, இரண்டும் தம்பதியே என்பது பல ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்த கதைகளும் உண்டு.

அப்போது பட்டியலில் ஒரு வரி குறையும். ஜாபிதா என்றால் வளர்ந்துகொண்டே போவது என்று நாம் நினைக்கிறோம்; என் எண்ணத்தில், அதைத் தொகுப்பவரின் நேர்மை வெளிப்படுவது அது சுருங்கும் இடங்களில்தான். ஒரே இனத்துக்கு இருவர் வைத்த பெயர்களுள் முந்தியதே செல்லும். பிந்தியது மறுபெயராக ஒதுங்கும். ஐரோப்பியப் புத்தகம் ஒன்றே கையில் இருந்த காலத்தில், இங்கே பிடித்த சிலந்திக்கு அங்குள்ள இனத்தின் பெயரையே கொடுத்துவிட்டவர்கள் பலர். அத்தகைய வரிகளை நீக்க வேண்டும். மூலமாதிரி அழிந்துபோய், விவரணையும் இரண்டு வரியாக இருந்தால், சந்தேகப் பெயர் என்று குறித்து ஒதுக்க வேண்டும். கல்லாற்றின்மேல் வலை கட்டிய பொன்னிழைச் சிலந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷ் அறிஞர் ஃபப்ரீசியஸ் 1793-இல் அதற்குப் பெயரிட்டார். நெபிலா மாகுலாட்டா என்ற பெயரே வெகுகாலம் வழங்கிற்று, டிக்காதர் காலத்துப் புத்தகங்களிலும் அப்படியே காணலாம். பின்னர் பெயர்விதிகளின்படி அது செல்லாது என்று கண்டு, பிலிப்பெஸ் என்பதை நிலைநாட்டினர். குடும்பமாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை; கடந்த இருபது ஆண்டுகளுக்குள் அது ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து திரும்பவும் பலமுறை மாற்றப்பட்டுவிட்டது. ஆற்றின்மேல் தொங்கும் அந்த ஜீவனுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் 1980-இல் மாகுலாட்டா என்று ஒருவர் எழுதிய குறிப்பையும், இன்று பிலிப்பெஸ் என்று எழுதும் குறிப்பையும் ஒன்றென அறிந்து இணைப்பதற்கு, இந்தப் பெயர்களின் பரம்பரையை மறவாமல் எழுதிவைக்கும் ஒருவர் தேவை.

பெயர்விதிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விலங்குகளின் சாஸ்திரப் பெயர்கள் யாவும் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலிலிருந்தே கணக்கில் கொள்ளப்படும் என்பது சர்வதேச விதி. அதற்கு விலக்குப் பெற்ற நூல் ஒன்றே ஒன்று: ஸ்வீடன் நாட்டின் கார்ல் கிளெர்க் 1757-இல் வெளியிட்ட சிலந்தி நூல். சட்டப்படி செல்லத்தக்க பெயரை உலகில் முதலில் பெற்ற விலங்குகள் சிலந்திகளே.

இனி, இடத்தின் கதை. 1899-இல் போகாக் ஒரு பெரிய மரச்சிலந்தியை விவரித்தார். பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயர். உடல் முழுதும் மயிற்கழுத்தின் நீலம். அதன் சீட்டில் குத்தி என்ற ஊர்ப்பெயர் இருந்தது. ஆந்திரத்தின் அனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள ரயில் சந்திப்பு அது. ஒரே ஒரு மாதிரி, ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அந்தச் சிலந்தியை எந்த ஆராய்ச்சியாளரும் காணவில்லை. 2001-இல்தான் கிழக்குத் தொடர்ச்சி மலையில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள காட்டில் அது மறுபடி கண்டெடுக்கப்பட்டது. அந்த இடம் குத்தியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது. வெட்டிய மரத்தின் பொந்தில் இருந்தபடியே அது ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சீட்டு எழுதியவர் பொய் எழுதவில்லை. கண்ட இடத்தைத்தான் எழுதினார். இருந்தும் ஒரு நூற்றாண்டு அந்த இனத்தின் வீடு தெரியாமலே போயிற்று.

அதே 1899-இல் போகாக் விவரித்த இன்னொரு மரச்சிலந்தி, பொயிசிலோதீரியா ரூஃபிலாட்டா. அது தென்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பொன்முடிப் பக்கத்துக் காடுகள் அதன் தாய்வீடு. பகலெல்லாம் மரப்பொந்தில் அடங்கியிருந்து, இருட்டியபின் வாயிலுக்கு வந்து இரைக்குக் காத்திருக்கும். அழகுக்காக இச்சிலந்திகளை வளர்ப்போர் அயல்நாடுகளில் இருப்பதால் கள்ளத்தனமாகப் பிடித்து விற்பதும் நடக்கிறது. அதனால் 2019-இல் இந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தனர். ரூஃபிலாட்டா அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனங்களுள் ஒன்றாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த மதிப்பீடுகளுக்கு எல்லாம் அடிப்படை, எந்த இனம் எந்தக் காட்டில் இருக்கிறது என்ற அந்தச் சாதாரணமான ஜாபிதாவே. நான் கண்ட புட்டிச் சிலந்தி இந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பொன்முடிக் கல்லாற்றில் பிடித்ததாயின் அது ரூஃபிலாட்டாவாக இருந்திருக்கலாம்; மேட்டுப்பாளையத்துக் கல்லாறாயின் வேறோர் இனமாக இருந்திருக்கலாம். நிறத்தைப் பற்றி முன்னே சொன்னதற்கு விலக்காக, இந்தச் சிலந்திகளை இனம் பிரிப்பது பெரும்பாலும் முன்னங்கால்களின் அடிப்புறத்து மஞ்சள் பட்டைகளைக் கொண்டு. ஸ்பிரிட் அந்த மஞ்சளை எப்போதோ தின்றுவிட்டது. நிறமும் போய், ஊரும் தெரியாத அந்த ஜீவன் எந்த ஜாபிதாவிலும் ஏற முடியாது. அதன் உயிரை வாங்கிய பின்பும் அதனிடமிருந்து நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு நீங்கவில்லை.

சென்ற முறை கல்லாற்றுக்குப் போனபோது, சிலந்திகளை ஆராயும் மாணவி ஒருத்தியோடு இரவில் சாலையோரத்து ரப்பர் தோட்டத்தின் வேலிவரை நடந்தேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் சேகரிக்கலாகாது. நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளி புல்மேல் படரும்போதெல்லாம் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் பனித்துளிபோல் பச்சையாக மின்னின. மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவள் சீட்டுகளை எழுதி வைத்திருந்தாள்: கல்லாறு, பொன்முடிச் சாலை, விதுரைக்கு அருகில், நெடுமங்காடு வட்டம், திருவனந்தபுரம் மாவட்டம், கேரளம், அதன்கீழே தேதி, கையால் பிடித்தது, புல்வெளி, பிடித்தவர் பெயர். பொடி எழுத்து, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நின்றது. கற்களுக்கு இடையே ஓடிய ஒன்றைச் சிறு குப்பியில் மடக்கிப் பிடித்து, கண்ணாடி வழியே அதன் முகத்தருகே உள்ள கைகளை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு புரட்டி வயிற்றடியைப் பார்த்தாள்.

“குஞ்சு, சார். இன்னும் ஒரு தோலாவது உரிக்கணும். இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, விட்டுடலாம்” என்றாள்.

குப்பியைச் சாய்த்ததும் அது ஒரு கணம் அவள் பெருவிரல்மேல் நின்று, பின் கல்லுக்கு அடியில் போய் மறைந்தது. எழுதிய சீட்டை நோட்டுப்புத்தகத்தின் நடுவில் வைத்து மூடிவிட்டு, அவள் அடுத்த பச்சைப் பொட்டை நோக்கி நடந்தாள்.